எக்சோசோம் ட்ரிப் ஏற்றினால் இதயக் குழாய் அடைப்பு கரையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கப்பலூர்க்காரன்

வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, நெடுநாளாகச் சர்க்கரை உண்டு. சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு நெஞ்சுவலி வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு குழாயில் பாதி அளவுக்கு அடைப்பு இருக்கிறது. அதை மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நன்றாகத்தான் நடமாடுகிறார்.

சொந்தக்காரர் ஒருவர் வழியாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். வெளியூரில் ஒரு கிளினிக்காம். 'எக்சோசோம்' என்று ஒன்றை ட்ரிப்பில் ஏற்றினால் மிச்ச அடைப்பும் கரைந்துவிடுமாம், நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பாம். ஒரு தடவைக்கு 80,000 ரூபாய், நான்கு தடவை ஏற்ற வேண்டுமாம். அதற்கு முன்னால் 'நுண்பைப் பரிசோதனை' என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்குக் காசு தனி. அம்மா நகையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

இப்படி ஒன்று உண்மையிலேயே உடம்பில் இருக்கிறதா, இல்லை சும்மா ஒரு பெயரைச் சொல்லிப் பணம் பிடுங்குகிறார்களா? டாக்டரிடம் கேட்டேன். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவர் "அதெல்லாம் வேண்டாம்" என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

சிம்மக்கல் மருந்துக்கடை

நகையைத் திரும்ப பீரோவில் வைக்கச் சொல்லுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

வண்டியூர்த் தாத்தா

எனக்கும் பைபாஸ் ஆகி நாளாயிற்று. அடைப்பைக் கரைக்கிறேன் என்று பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, ஏதோ ஒரு பொடி என்று எல்லாரும் என் வீட்டுக்கும் வந்திருக்கிறார்கள். பெயர் மட்டும் காலத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது. இந்த எக்சோசோம் எனக்குப் புதிது. படித்த பிள்ளைகள் யாராவது விளக்கினால் நானும் தெரிந்துகொள்வேன்.

மேலூர்ப் பொண்ணு

அண்ணே, பெயர் பொய்யில்லை. அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பற்றிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், தினமும் இவற்றோடுதான் மல்லுக்கட்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தங்கள் சவ்வாலேயே சுற்றப்பட்ட மிகச் சிறிய பைகளை வெளியே விடுகின்றன. செல்லுக்குள்ளேயே உருவாகி மொத்தமாக வெளியே கொட்டப்படுபவை எக்சோசோம்கள். இவை சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். செல்லின் மேல்சவ்வு வெளிப்பக்கம் மொட்டு விட்டு அறுந்து விழுபவை 1000 நானோமீட்டர் வரை போகும். செல் சாகும்போது சிதறுபவை அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே நுண்பை என்றே எழுதுகிறேன். அளவு பிடிபட வேண்டும் என்றால், ரத்தத்தின் மிகச் சிறிய அணுவான தட்டணுவே 2, 3 மைக்ரோமீட்டர், அதாவது 2000, 3000 நானோமீட்டர். அது உதிர்க்கும் பைகள் எவ்வளவு சிறியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1946இல் சார்காஃப், வெஸ்ட் என்ற இருவர் தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவை (அணுக்கள் போக மிச்சமிருக்கும் ரத்தத் திரவம்) மிக வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பிளாஸ்மா உறைவதற்கு அதிக நேரம் எடுத்தது. படிவைத் திரும்பச் சேர்த்ததும் சீக்கிரம் உறைந்தது. 1967இல் பீட்டர் வுல்ஃப் அது தட்டணுக்களிலிருந்து உதிர்வது என்று காட்டி, தட்டணுத் தூசி என்றே எழுதினார். 1983இல் இரண்டு குழுக்கள், வளரும் சிவப்பணுக்கள் தங்களுக்கு இனி வேண்டாத ஒரு புரதத்தைப் பைகளில் போட்டு வெளியே தள்ளுவதைக் கண்டுபிடித்தன. அதனால் ரொம்ப நாள் இவற்றைச் செல்லின் குப்பை என்றுதான் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தைப் பெரிதாக அசைத்தது 2007இல் சுவீடனிலிருந்து வந்த ஒரு ஆய்வு. இந்தப் பைகளுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இருக்கிறது, ஒரு செல்லிடமிருந்து இன்னொரு செல்லுக்குப் போய் அங்கே வேலையும் செய்கிறது என்று அதில் காட்டினார்கள். அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க எல்லாரும் இதன் பின்னால் ஓடுகிறோம்.

நோபல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் அது செல்லுக்குள்ளே பைகள் எப்படிச் சரியான இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்கு. 2024இல், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோஆர்என்ஏவுக்கும் நோபல் கொடுத்தார்கள், அதுவும் அடிப்படை ஆய்வுக்குத்தான். ட்ரிப் ஏற்றி அடைப்பைக் கரைத்ததற்கு யாருக்கும் நோபல் கொடுக்கவில்லை.

கப்பலூர்க்காரன்

நன்றி தங்கச்சி. ஏஜென்ட் காட்டிய நோட்டீசில் 2013 என்றுதான் போட்டிருந்தது. சரி, இந்தப் பைகளுக்கும் அப்பாவின் அடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

மேலூர்ப் பொண்ணு

நிறையவே இருக்கிறது. அதனால்தான் ஏஜென்ட் சொல்வது காதுக்கு உண்மை மாதிரிப் படுகிறது.

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பரவியிருக்கின்றன. சர்க்கரை, புகை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு இவற்றால் அந்தச் செல்கள் எரிச்சலடையும்போது அதிக நுண்பைகளை உதிர்க்கின்றன. ரத்தம் சீராக, வேகமாக ஓடும் நேரான பகுதியில் உதிர்வது குறைவு. குழாய் கிளை பிரியும் இடத்தில் ஓட்டம் மந்தமாகிச் சுழலும், அங்கே உதிர்வு கூடுகிறது. அடைப்பும் பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான் தொடங்குகிறது.

அப்புறம் அந்தக் கொழுப்புப் படிவுக்குள்ளேயே நுண்பைகள் குவிந்து கிடக்கின்றன. கழுத்துத் தமனியில் அறுவை செய்து எடுத்த படிவுகளைப் பிரான்சில் ஆராய்ந்தார்கள். வெள்ளணுக்கள், சிவப்பணுக்கள், குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எல்லாம் விட்ட பைகள் அதில் இருந்தன, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக. அந்தப் பைகள் ரத்தத்தை உறைய வைக்கும் தன்மை கொண்டவை. பல பைகளின் வெளிப்பக்கத்தில் ஃபாஸ்ஃபட்டிடைல்செரின் என்ற கொழுப்பு இருக்கும். உயிரோடு இருக்கும் செல் அதைச் சவ்வின் உள்பக்கம் வைத்திருக்கும். அது வெளியே திரும்பினால் உறைதல் புரதங்கள் வந்து உட்கார இடம் கிடைத்துவிடும். கூடவே உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்ற புரதமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மாரடைப்பு வருவது பெரும்பாலும் குழாய் மெல்ல மெல்ல அடைத்து மூடுவதால் அல்ல. படிவின் மேல்மூடி கிழிந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டு, அந்த இடத்தில் சட்டென்று கட்டி உறைவதால்தான். அந்த உள்ளே இருப்பதில் இந்தப் பைகளுக்கும் பங்கு உண்டு.

இதுவரை கெட்ட பக்கம். நல்ல பக்கமும் இருக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு குழு 2012இல் காட்டியது இது: சீரான ஓட்டத்தில் இருக்கும் உட்சுவர்ச் செல்கள் விடும் பைகளில் மைக்ரோஆர்என்ஏ 143, 145 இருக்கின்றன. அவை பக்கத்தில் உள்ள தசைச் செல்களுக்குப் போய் அவற்றை ஒழுங்காக இருக்க வைக்கின்றன. எலிகளுக்குக் கொடுத்தபோது படிவு குறைந்தது. ஜெர்மனியின் பான் நகரத்தில் 2013இல் இன்னொன்று செய்தார்கள். நல்ல நிலையில் உள்ள உட்சுவர்ச் செல்லின் பைகள் மைக்ரோஆர்என்ஏ 126ஐக் கொண்டுபோய்க் கொடுத்துக் காயம் ஆற உதவின. அதே செல்களைச் சர்க்கரை அதிகமான திரவத்தில் வளர்த்தபோது, அவை விட்ட பைகளில் அந்தச் சரக்கு குறைந்து, ஆற்றும் வேலையும் நின்றுபோனது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

ஆக, அனுப்பும் செல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பையின் குணம் மாறுகிறது. எக்சோசோம் என்று பொத்தாம்பொதுவாக ஒன்றை பாட்டிலில் அடைத்து நல்லது என்று விற்க முடியாது. எந்தச் செல், எந்த நிலையில், எப்படி எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏஜென்டுக்குப் பதில் தெரியாது.

எண்கணக்கு

மேலூர்ப் பொண்ணு அருமையாக எழுதுகிறார், ஆனால் கொஞ்சம் வேகமாகப் போகிறார். இதில் பாதி எலி, பாதி கண்ணாடிக் குடுவை. நோயாளியின் ரத்தத்தில் நுண்பை அதிகம் என்றால், நோயால் நுண்பை கூடியதா, நுண்பையால் நோய் வந்ததா? வீடு எரிந்த இடத்தில் சாம்பல் இருக்கும் என்பதற்காகச் சாம்பல்தான் தீ வைத்தது என்று சொல்வீர்களா?

மேலூர்ப் பொண்ணு

நியாயமான கேள்வி சார். இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

உறைதலில் பங்கு இருக்கிறது என்பதற்கு மனிதரிடமே சான்று உண்டு. ஸ்காட் நோய் என்று மிக அரிதான ஒரு பரம்பரைக் குறை இருக்கிறது. அவர்களுடைய தட்டணுக்களால் ஃபாஸ்ஃபட்டிடைல்செரினை வெளிப்பக்கம் திருப்ப முடியாது, நுண்பையும் சரியாக உதிராது. பல் பிடுங்கினாலோ பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போகும். 2010இல் அதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். சவ்வைத் திருப்புவதும் பை உதிர்வதும் அதில் ஒன்றாகவே கெடுவதால், பங்கு எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

அடைப்பு உருவாவதில் நுண்பைதான் காரணம் என்பதற்கு மனிதரிடம் அவ்வளவு நேரடிச் சான்று இல்லை. இருப்பது முன்கணிப்பு. பான் நகரத்திலேயே, நிலையான இதயக் குழாய் நோய் உள்ள 200 பேரை ஆறு ஆண்டுகள் போலத் தொடர்ந்து பார்த்தார்கள். உட்சுவர்ச் செல் அடையாளம் கொண்ட நுண்பைகள் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற பாதிப்புகளும் அதிகம் வந்தன. 2011இல் வெளியானது. நல்ல ஆய்வுதான், ஆனால் நீங்கள் சொல்கிற சாம்பல் கேள்விக்கு அது பதில் சொல்லாது.

எண்கணக்கு

இப்படிப் பேசினால் எனக்குச் சண்டை போட ஒன்றும் இல்லையே.

கேத்லேப் நர்ஸ்

நான் ஸ்டென்ட் வைக்கும் அறையில் வேலை பார்க்கிறவள். நோயாளிகளின் வீட்டார் எங்களிடம் கேட்கும் கேள்வியும் இதுதான், "கரைக்க முடியாதா சிஸ்டர்?" படிவு என்பது குழாயின் உள்ளே ஒட்டிய கொழுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது குழாய்ச் சுவருக்குள்ளே இருக்கிறது. கொழுப்பு, செத்த செல்கள், நார், சுண்ணாம்பு எல்லாம் கலந்து சுவரின் பாகமாகவே ஆகிவிட்டது. ட்ரிப்பில் ஏற்றும் எதுவும் அதைக் கழுவிக்கொண்டு போகாது.

தம்பி, அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு ரத்தம் கட்டாத மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். புது ஸ்டென்ட் இருக்கும்போது அதைத் தானாக நிறுத்தி, ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, திரும்ப எங்கள் மேசைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிக் கிளினிக்குகளில் சில பேர் "இதை ஏற்றுகிற நாளில் மற்ற மாத்திரை வேண்டாம்" என்று சொல்கிறார்களாம். அது எனக்கு 80,000 ரூபாயைவிடப் பெரிய பயம்.

சிம்மக்கல் மருந்துக்கடை

சிஸ்டர் சொல்வது ரொம்பச் சரி. கடைக்கு வருகிறவர்களிலேயே பாதிப் பேர், "வலி இல்லை, அப்புறம் எதுக்கு மாத்திரை" என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் வாங்குவார்கள்.

மேலூர்ப் பொண்ணு, ஒரு சந்தேகம். நாங்கள் கொடுக்கிற இந்த மாத்திரைகள் நுண்பைகளைக் குறைக்கின்றனவா?

மேலூர்ப் பொண்ணு

சிலவற்றுக்கு அப்படி ஒரு தடயம் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு டிக்காக்ரெலர் என்ற ரத்தம் கட்டாத மாத்திரை கொடுத்தவர்களிடம் சில வகை நுண்பைகள், அதே வேலை செய்யும் குளோபிடோக்ரெல் கொடுத்தவர்களைவிடக் குறைவாகவே உயர்ந்தன என்று ஒரு சிறிய ஆய்வு வந்தது. தட்டணு தூண்டப்படுவதைத் தடுத்தால் அது உதிர்ப்பதும் குறையும், எதிர்பார்க்கக்கூடியதுதான். ஸ்டாட்டின் விஷயத்திலும் உட்சுவர்ச் செல்களின் உதிர்வு குறைவதாகச் சில ஆய்வுகள், இல்லை என்று சில ஆய்வுகள். இதைப் படித்துவிட்டு யாரும் போய் மாத்திரையை மாற்றிக் கேட்க வேண்டாம். எந்த மாத்திரை என்று டாக்டர் முடிவு செய்வது ரத்தக்கசிவு அபாயம், வயது, எப்படிப்பட்ட ஸ்டென்ட் இதையெல்லாம் வைத்துத்தான்.

கப்பலூர்க்காரன்

அந்த ரத்தப் பரிசோதனை? அதுவாவது எடுத்துப் பார்க்கலாமா? அப்பாவின் நிலைமை தெரிந்துவிடும் என்கிறார்.

மேலூர்ப் பொண்ணு

வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும், ஏனென்றால் என் பிழைப்பே இதில்தான்.

ரத்தம் எடுக்கும்போதே ஆரம்பிக்கிறது. ஊசி சரியாக இறங்காமல் இழுத்தால், குழாயைக் குலுக்கினால், அறை வெப்பத்தில் வைத்துக் காலம் தாழ்த்தினால், தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே புதிதாகப் பைகளை உதிர்க்கத் தொடங்கும். அப்புறம் எண்ணுவது நோயாளியின் நுண்பைகளை அல்ல, நாம் உண்டாக்கியவற்றை. கப்பலூரில் காலையில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் ஏற்றி, சாயங்காலம் வேறு ஊரில் ஆய்வு செய்கிறேன் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்து, பிளாஸ்மாவில் இவை தனியாக மிதக்கவில்லை. கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரதத் துகள்கள் இவற்றைவிட எண்ணிக்கையில் மிக மிக அதிகம். அவற்றில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 20, 25 நானோமீட்டர் என்பதால் ஓரளவு தள்ளிவிடலாம். அதைவிடப் பெரிய விஎல்டிஎல்லும், சாப்பிட்ட பின் வரும் கைலோமைக்ரானும் அளவில் நுண்பைகளோடு அப்படியே கலந்துவிடும். துகள்களை எண்ணும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணும் சாதாரண ஃப்ளோ சைட்டோமீட்டருக்கோ 300 நானோமீட்டருக்குக் கீழே பெரும்பாலும் கண்ணே தெரியாது, அதாவது எக்சோசோம்கள் மொத்தமும் அதன் பார்வைக்கு வெளியே. அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்றியில் 1,00,000 மடங்கு ஈர்ப்பு விசையில் சுழற்றினாலும் முழுச் சுத்தம் வராது. இதனால்தான் இந்தத் துறையின் பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று முறை வழிகாட்டி எழுதி, எப்படி எடுத்தாய், எப்படிச் சுத்தம் செய்தாய், என்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்கிறது.

இதய நோய்க்கு, டாக்டர் பார்த்து மருந்தை மாற்றும் அளவுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நுண்பைப் பரிசோதனை எதுவும் இன்றைக்கு நடைமுறையில் இல்லை. அந்தக் காசில் அப்பாவுக்கு எல்டிஎல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு) மூன்றையும் ஒழுங்காகப் பாருங்கள்.

வண்டியூர்த் தாத்தா

சாப்பிட்ட பின் கலந்துவிடும் என்றாய் அல்லவா அம்மா. அப்படியானால் ராத்திரி கறி தோசையும் கொத்துப் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? சும்மா கேட்கிறேன், நான் சாப்பிடுவதில்லை (பெரும்பாலும்).

மேலூர்ப் பொண்ணு

தாத்தா, அந்த அடைப்புக்குறியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

கறி தோசையை யாரும் ஆராயவில்லை. ஆனால் 2004இல், நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு ஒருவேளை கொழுப்பு அதிகமான சாப்பாடும், இன்னொரு வேளை அதே கலோரியில் கொழுப்பு குறைந்த சாப்பாடும் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்சுவர்ச் செல் நுண்பைகள் ரத்தத்தில் கூடின. மற்றதில் அப்படி இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே குழாய்ச் சுவர் முகம் சுளிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புகைக்கும் இப்படி ஒன்று உண்டு, அது இன்னும் கடுமை. 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், புகைக்காத இளைஞர்களை 30 நிமிடம் மற்றவர் விட்ட புகை உள்ள அறையில் உட்கார வைத்தார்கள். உட்சுவர்ச் செல் நுண்பைகள் உயர்ந்தன, குழாயின் விரியும் திறன் குறைந்தது, பாதிப்பு அடுத்த நாள் வரை இருந்தது. டீக்கடை வாசலில் பக்கத்தில் நிற்பவர் ஊதுவதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

கேத்லேப் நர்ஸ்

எங்கள் வார்டில் வந்து இதைச் சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா. ஸ்டென்ட் வைத்த மறுநாளே மாடிப்படியில் போய் ஊதிவிட்டு வருகிறார்கள்.

ஆனையூர்ச் செல்வி

குறுக்கே வருகிறேன். என் அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். சிடி எடுத்தபோது ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு நிறைய படிந்திருக்கிறது என்றார்கள். கொழுப்பு அளவு அவருக்குக் குறைவுதான். பின்னே ஏன் இப்படி? இந்த நுண்பைகளுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

மேலூர்ப் பொண்ணு

உண்டு அக்கா. என்னைக் கேட்டால், நுண்பை வெறும் சாட்சி இல்லை, தானே வேலை செய்கிறது என்று அதிக உறுதியோடு சொல்லக்கூடிய இடம் இதுதான். எண்கணக்கு சார் கவனிக்கவும்.

எலும்பு எப்படி உருவாகிறது என்று 1960களில் பார்த்தபோதே, குருத்தெலும்பில் சின்னப் பைகளுக்குள்தான் கால்சியம் முதலில் படிகமாகத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதே ஏற்பாடு ரத்தக்குழாயிலும் நடக்கிறது. குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எப்போதும் பைகளை வெளியே விடுகின்றன. அவற்றில் ஃபெட்டுயின் ஏ, மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம் என்று சுண்ணாம்பைத் தடுக்கும் காவல் இரண்டு உண்டு. சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பாஸ்பேட்டும் கால்சியமும் கூடும்போது செல்கள் அதிகப் பைகளை விடுகின்றன, ஆனால் காவல் குறைந்த பைகளாக. அவற்றில் படிகம் பிடித்துக்கொள்கிறது. லண்டனில் ஷனஹன் குழு 2015இல் இதை விவரமாகக் காட்டியது. அம்மாவுக்குக் கொழுப்பு அளவு குறைவாக இருந்தும் சுண்ணாம்பு படிவதற்கு இது ஒரு முக்கியமான வழி.

சாதாரண அடைப்பிலும் இது உண்டு. 2016இல் அமெரிக்காவில் ஐகாவா குழு, படிவின் மேல்மூடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் மெலிந்த இடத்தில் நுண்பைகள் ஒன்றோடொன்று கூடி ஒட்டி, அங்கே நுண்ணிய சுண்ணாம்புத் துகள் வளர்வதைப் படம் பிடித்தே காட்டியது. அந்தச் சின்னத் துகள்கள்தான் ஆபத்து. மெல்லிய மூடிக்குள் ஒரு சிறு கடினத் துகள் இருந்தால் அதைச் சுற்றி இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும், மூடி அங்கே கிழியும். பெரிதாகக் கட்டிதட்டிப்போன சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கிழிக்காது.

அம்மாவைப் பொறுத்தவரை இப்போதைக்குக் கையில் இருப்பது பாஸ்பேட் கட்டுப்பாடுதான். சாப்பாட்டில் வரும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பெரிய பயனில்லை.

ஆனையூர்ச் செல்வி

அம்மா அந்த மாத்திரையைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறார்! இன்றைக்கே டயாலிசிஸ் சிஸ்டரிடம் கேட்கிறேன்.

சிம்மக்கல் மருந்துக்கடை

கேளுங்கள் செல்வி, கட்டாயம் கேளுங்கள். பையில் எழுதிக் கொடுத்தாலும் பாதிப் பேர் எல்லா மாத்திரையையும் ஒரே கைப்பிடியாகத்தான் போடுகிறார்கள்.

சுண்ணாம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டாட்டின் போட்டுக்கொண்டே சிடியில் கால்சியம் ஸ்கோர் கூடியதைப் பார்த்து, மாத்திரை வேலை செய்யவில்லை என்று நிறுத்தியவரைத் தெரியும். ஸ்டாட்டினில் ஸ்கோர் கூடலாம், மாரடைப்பு குறையும். மென்மையான படிவு கெட்டிப்படுவதும் அதில் சேரும். இது தெரியாமல் பயப்பட வேண்டாம்.

கப்பலூர்க்காரன்

ஏஜென்ட் இன்றைக்குத் திரும்பப் போன் செய்தார். "எலியில் நிரூபித்துவிட்டார்கள், மனிதர்களுக்கும் வேலை செய்கிறது" என்று பேச்சு. என்ன கேட்டால் மடக்கலாம்?

மேலூர்ப் பொண்ணு

எலி விஷயம் முழுப் பொய்யில்லை. 2010இல் சிங்கப்பூரில், மூல செல்கள் விட்ட எக்சோசோம்களை மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்தபோது இதயத் தசை சேதம் குறைந்தது. அது மாரடைப்பு நேரத்துத் தசைக் காயத்தைப் பற்றிய ஆய்வு, பழைய அடைப்பைக் கரைப்பதைப் பற்றியது அல்ல. இன்னொன்று, நரம்பில் ஏற்றிய நுண்பைகள் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்குவதில்லை. பெரும்பகுதி கல்லீரல், மண்ணீரல், நுரையீரலுக்குப் போய்விடுகிறது. இதயக் குழாயின் பாதி அடைப்பைத் தேடிப்போய் ஒட்டு என்று அதற்கு யார் விலாசம் கொடுத்தது?

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரிலேயே பொது எச்சரிக்கை விட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்சோசோம் என்று சொல்லிப் போட்ட பொருட்களால் நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்பு வந்தது. எந்த எக்சோசோம் பொருளுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள்.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சிடிஆர்ஐ எண் என்ன? இந்தியாவில் புதுச் சிகிச்சையை மனிதரிடம் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனைகள் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009 ஜூனிலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். பரிசோதனை என்றால் நோயாளியிடம் 80,000 வாங்கவும் மாட்டார்கள்.

கப்பலூர்க்காரன்

கேட்டேன். "அதெல்லாம் டாக்டர் லெவலில் இருக்கும் சார், நீங்க முன்பணம் மட்டும் போடுங்க" என்றார். அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். நகை உள்ளே போய்விட்டது. சொந்தக்காரர்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் கமிஷன் இருந்திருக்கும் போல.

வண்டியூர்த் தாத்தா

முகத்தைத் தூக்கினால் தூக்கட்டும். அப்பாவைக் காலையில் தெப்பக்குளம் பக்கம் கூட்டி வாருங்கள், நான் ஆறு மணிக்கெல்லாம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தால்.

எண்கணக்கு

ஏஜென்ட் கதை முடிந்தது, என் கதை முடியவில்லை. சுண்ணாம்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது பலமான சான்று. ஆனால் அடைப்பு தொடங்குவதில் நுண்பைக்குப் பங்கு உண்டா என்பதற்கு ஒரே வழி, நுண்பை உதிர்வதை மட்டும் நிறுத்திவிட்டு அடைப்பு வருகிறதா என்று பார்ப்பது. அதைச் செய்தார்களா?

மேலூர்ப் பொண்ணு

அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பைகள் வெளியேறுவதைத் தடுக்க ஜிடபிள்யூ4869 என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு நொதியைத் தடுத்து, செராமைடு என்ற கொழுப்பு உண்டாவதைக் குறைக்கிறது. ஆனால் செராமைடுக்குச் செல்லில் வேறு ஆயிரம் வேலை இருக்கிறது. விளைவு வந்தால் பை நின்றதாலா, செராமைடு குறைந்ததாலா என்று உங்களைப் போல ஒருவர் கேட்பார். மரபணுவை நீக்கிப் பார்த்தாலும் இதே சிக்கல்தான், பை விடும் இயந்திரத்தின் பாகங்கள் எல்லாம் செல்லுக்கு வேறு எதற்காவதும் தேவைப்படுகின்றன. உதிர்வதை மட்டும் சுத்தமாக நிறுத்தும் சாவி இன்னும் யார் கையிலும் இல்லை.

எண்கணக்கு

சரி. அந்த ஃபிராங்ஃபர்ட் எலி ஆய்வின் தலைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.